ஆடியில் அசையாத புடவைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து கும்பகோணத்துக்குக் கலியாணம் கட்டி வந்தவள் நான். வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கிற பழைய பட்டுப்புடவைகளை வாங்கி, படம் எடுத்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டு விற்கிறேன். வங்கிக் கணக்கு, ஜிபே எல்லாம் இவர் பெயரில். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இங்கே ஒரு கணக்குத் திறக்க அலைந்த அலைச்சல் போதும் என்று விட்டுவிட்டேன்.

தையிலும் மாசியிலும் சாப்பிட நேரமில்லாமல் ஓடுகிற வியாபாரம் ஆடி பிறந்ததும் படுத்துவிடும். படத்துக்கு இதயம் போடுவார்கள், விலை கேட்பார்கள், அதோடு சரி. முதல் வருடம் நான் பட்ட கவலையைப் பார்த்து மாமி சொன்னார்: "ஆடியில யாரும்மா பழைய புடவை எடுப்பாங்க? எடுத்தாலும் தள்ளுபடியில புதுசுதான் எடுப்பாங்க. ஆவணி பொறக்கட்டும், இரு." கலியாணம் இல்லாத மாதம், பெரிய தெருவெல்லாம் தள்ளுபடிப் பதாகை. அதுவரை எனக்கும் விளங்கியது. அதற்கு மேலேயும் ஒன்று இருக்கிறது என்பது பிறகுதான் பிடிபட்டது.

இங்கே காசு தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போகிறது. மேட்டூர் அணையை வழமையாக ஜூன் 12இல் திறப்பார்கள். தண்ணீர் வருகிறது என்றால் உழவு, நாற்று, உரம், ஆள் கூலி என்று கையிலிருக்கும் பணமெல்லாம் வயலுக்குள் இறங்கிவிடும். நகைகூட அடகுக்குப் போகும். அதே ஜூனில்தான் பள்ளிக்கூடக் கட்டணமும். அதனால் வாங்குகிற ஆள் இல்லாத நேரத்தில்தான் விற்கிற ஆட்கள் அதிகம் வருவார்கள். "இந்தப் புடவையை எப்படியாவது தள்ளி விடும்மா" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறினால் தீபாவளிக்கு முன்னே கொஞ்சம் அசையும். சம்பா அறுவடை முடிந்தால் தை, மாசிக் கலியாணங்கள். 2024இல் அணையில் தண்ணீர் போதாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அந்த வருடம் எனக்கும் மந்தம் நீண்டது. அப்போதிருந்து அணை நீர்மட்டச் செய்தியை நானும் தவறாமல் பார்க்கிறேன்.

ஆகையால் ஆனி, ஆடியில் நான் காசு கொடுத்துச் சரக்கு எடுப்பதில்லை. விற்றால் பங்கு என்றுதான் வாங்கி வைப்பேன். தையில் வந்த லாபத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருந்து இந்த மாதங்களை ஓட்டுவோம். விலையை நினைத்த நேரமெல்லாம் குறைக்கவும் மாட்டேன். இன்றைக்குக் குறைத்தால், நாளைக்கு இன்னும் குறையும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள்.

மந்த காலத்தில் பார்க்கவேண்டிய வேலையோ நிறைய. ஒவ்வொரு புடவையையும் முற்றத்தில் காலை வெளிச்சத்தில் விரித்து மறுபடி படம் எடுப்பேன். ஓரத்தில் ஓர் ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டுவேன். உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிந்தால் பெரும்பாலும் நல்ல ஜரிகை, வெள்ளை நூல் என்றால் போலி. அந்த இழையையும் கிட்ட வைத்துப் படம் எடுத்துப் போடுவேன். மடிப்பில் பட்டு விட்டுப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுவேன். பிறகு மடிப்பை மாற்றி, வசம்பு வைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைப்பேன். கார்த்திகை அடைமழையில் இந்த வேலை எதையும் செய்ய முடியாது, ஈரக் காற்றில் பட்டைத் திறக்கவே கூடாது.

ஒன்பது கஜப் புடவைகள் இந்த ஊரில் நிறையக் கிடைக்கும், கட்டுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அவற்றில் மடிப்பு விட்டவற்றைத் தையல்கார அக்காவிடம் கொடுத்து, நல்ல பகுதியை மட்டும் வெட்டிச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைக்க வைக்கிறேன். ஆடியில் தைத்தால்தான் நவராத்திரிக்குக் கைக்கு வரும். போன தடவை கொலு வைப்பதற்கு முன்பே எல்லாம் போய்விட்டது.

தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பழைய பட்டு வாங்குகிறவர்கள் வருவார்கள். புடவையை எரித்து வெள்ளியைப் பிரிப்பதற்காக ஜரிகைக்கு விலை போடுவார்கள். விற்பனை இல்லாத மாதத்தில் உடனடிக் காசு பெரிய ஆசைதான். கந்தலானதைக் கொடுக்கட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்துத் திருபுவனத்தில் ஒரு குடும்பமே தறியில் உட்கார்ந்து நெய்த, இன்னும் முப்பது வருடம் கட்டக்கூடிய பட்டு நெருப்புக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்படியானவற்றுக்காகப் புடவைக்குச் சொந்தக்காரரிடம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன், இனியும் கெஞ்சுவேன்.

"யார் கட்டினது?" என்ற கேள்வியும் இந்த மாதங்களில்தான் அதிகம் வரும். அவகாசமிருக்கிறவர்கள் ஆற அமரக் கேட்பார்கள். காலமானவருடைய புடவை என்றால் அதைச் சொல்லித்தான் விற்பேன். சிலர் வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் மனம். அம்மாவின் புடவைகளைக் கொடுத்த ஒரு வாத்தியார் வீட்டு அக்கா, அதை வாங்கியவர் கட்டி எடுத்த படத்தைப் பார்த்து அழுதுவிட்டார்: "எங்கம்மா இப்பிடித்தான் கொசுவம் வெப்பாங்க."

ஆடியிலும் என்னைத் தாங்குகிறவர்கள் எங்கட ஆட்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் பள்ளி விடுமுறை விட்டால் குடும்பமாக நவக்கிரகக் கோயில் சுற்ற வருவார்கள். திருநாகேஸ்வரமும் சூரியனார் கோயிலும் கும்பகோணத்தைச் சுற்றித்தானே. அங்கே அவர்களுக்கு அது கொண்டாட்டக் காலம், பிள்ளைகளின் சாமத்திய வீடு (இங்கே மஞ்சள் நீராட்டு என்பார்கள்), பிறந்தநாள் என்று உடுப்புத் தேவை. புறப்படுவதற்கு முன்பே செய்தி அனுப்பி, எடுத்து வைக்கச் சொல்லிவிடுவார்கள். அதனால் வைகாசியிலேயே கொஞ்சம் கடும் நிறப் பட்டுகளை விற்காமல் ஒதுக்கிவிடுகிறேன். போன கிழமை வந்த ஒரு குடும்பம் திண்ணையில் இருந்து தேநீர் குடித்தபடி மாமியோடு இரண்டு மணிநேரம் கதைத்தது. மயிலாடுதுறைப் பக்கத்து வீடொன்றில் கிடைத்த கூறைநாட்டுப் புடவையை மகளின் கலியாணத்துக்கென்று எடுத்துக்கொண்டார்கள். விலை பேசியது மாமி. நான் கேட்கவிருந்ததைவிட ஐந்நூறு ரூபாய் கூட.