வாசலில் சொன்ன ஒரு வாக்கியம்: ஃபெடரல் வழக்கில் இரண்டு ஆண்டுகள்

2021 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இரண்டு ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசுப் புலனாய்வாளர்கள் வந்து நின்றார்கள். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, இருபது நிமிடம் பேசினால் போதும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களை வாசலில் நிற்கவைத்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நான், உள்ளே அழைத்து உட்காரவைத்துக் காபி வேண்டுமா என்றும் கேட்டேன். நான் கணக்கு பார்த்துவந்த சிறு நிறுவனம் 2020-இல் கொரோனா நிவாரணமாக, ஊழியர் சம்பளத்துக்கென்று வாங்கிய பி.பி.பி. கடனைப் பற்றித்தான் கேள்விகள் இருந்தன. கடன் விண்ணப்பத்தோடு வங்கிக்குப் போன ஊதியப் பட்டியலை எடுத்துக் காட்டி, இதை முன்பு பார்த்திருக்கிறீர்களா என்றார்கள். பார்த்ததில்லை என்றேன். அது பொய்.

ஒன்பது பேர் வேலை செய்த இடத்தில் இருபத்தாறு பேருக்குச் சம்பளம் போவதாக எழுதியிருந்த அந்தப் பட்டியல் என் மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. நான் அதைத் திறந்து பார்த்தேன், ஏதோ சரியில்லை என்று உணர்ந்தேன், வாயைத் திறக்கவில்லை. 2012-இல் என் கிரீன் கார்டுக்கு மனுச் செய்தவர் அந்த முதலாளி. அந்த நன்றியும் பயமும் சேர்ந்து என் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை வரவழைத்தன. அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 18-ஆம் பகுதியில் 1001 என்றொரு பிரிவு இருக்கிறது. ஃபெடரல் அதிகாரியிடம் முக்கியமான ஒரு விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது, சத்தியப் பிரமாணம் எதுவும் எடுக்காமல் சொன்னாலும், ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். எனக்கு அது தெரியாது. வழக்கறிஞரோடு வந்து பேசுகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தும் உரிமை எனக்கு இருந்ததும், அப்படிச் செய்வதை எவரும் குற்றமாகக் கருத முடியாது என்பதும் தெரியாது.

எட்டு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு, ஃபெடரல் குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தும் அமெரிக்க அட்டர்னி அலுவலகத்திலிருந்து ‘டார்கெட் லெட்டர்’ எனப்படும் கடிதம் வந்தது. கிராண்ட் ஜூரியின் (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) விசாரணை உங்களைக் குறிவைத்து நடக்கிறது என்பதே அதன் சாரம். தனியார் வழக்கறிஞர் ஒருவரிடம் போனபோது முன்பணம் மட்டும் எண்பதாயிரம் டாலர் என்றார். வீட்டை விற்றுவிடலாமா என்று நானும் மனைவியும் இரண்டு இரவு உட்கார்ந்து பேசினோம். அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே, வசதியில்லாவிட்டால் நீதிமன்றம் வழக்கறிஞரை நியமிக்கும் என்று எழுதியிருந்ததைப் பதற்றத்தில் நாங்கள் படிக்கவே இல்லை. 1964-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி வருமானம், சேமிப்பு, கடன் அனைத்தையும் பொய்யில்லை என்று உறுதிகூறி ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் ஃபெடரல் டிஃபெண்டர் அலுவலகம் இதே வழக்கில் இன்னொருவருக்கு ஆஜரானதால், நீதிமன்றத்தின் பட்டியலில் இருந்த வேறொரு பெண் வழக்கறிஞரை எனக்கு நியமித்தார்கள். இலவச வழக்கறிஞர் என்றால் பேருக்கு வந்து நிற்பவர் என்ற நம் ஊர் எண்ணத்தோடு அவரைப் பார்க்கப் போனேன். அந்த எண்ணம் முழுத் தவறு. இருபது ஆண்டுகளாக ஃபெடரல் வழக்குகள் மட்டுமே நடத்தியவர் அவர். எங்கள் வழக்கின் ஒவ்வொரு தாளையும் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

நவம்பரில் குற்றப்பத்திரிகை வந்தது. கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள்; குற்றம் சாட்ட 12 பேரின் வாக்கு வேண்டும். அந்த அறைக்குள் நம் வழக்கறிஞர் நுழையவே முடியாது, அரசுத் தரப்பை மட்டுமே அவர்கள் கேட்கிறார்கள். என்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: மின்வழி மோசடிக்கான சதி, புலனாய்வாளரிடம் பொய். அன்று மாலையே ஒரு செய்திக்குறிப்பு வெளியானது. முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 20 ஆண்டு என்று அதில் இருந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குள் அந்தக் குறிப்பு வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சட்டத்தில் எழுதியிருக்கும் உச்சவரம்புக்கும் ஒருவருக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய தண்டனைக்கும் எவ்வளவு தூரம் என்று அன்று யாராவது என் மனைவிக்குச் சொல்லியிருந்தால், அந்த வாரம் முழுவதும் அவர் சாப்பிடாமல் கிடந்திருக்க மாட்டார்.

கைது செய்யாமல் சம்மன் அனுப்பினார்கள். கைரேகையும் புகைப்படமும் எடுத்தபின், விசாரணைக்கு முன் ஒருவரை வெளியே விடலாமா என்று பார்க்கும் பிரீட்ரையல் அதிகாரி ஒருவர் குடும்பம், வேலை, சொத்து பற்றிக் கேட்டுக்கொண்டார். மாஜிஸ்திரேட் நீதிபதி முன்னால் நின்றது பத்து நிமிடம் இருக்கும். குற்றவாளி அல்ல என்று வழக்கறிஞர் பதிவு செய்தார். உண்மை தெரிந்த எனக்கு அது உறுத்தியது. அரசிடம் இருக்கும் ஆதாரம் அனைத்தையும் பார்ப்பதற்கு முன் யாரும் வேறு பதில் சொல்வதில்லை என்றும், அது பொய் சொல்வதாகாது என்றும் அவர் விளக்கினார். பணம் கட்டாமல் கையெழுத்து பாண்டின்பேரில் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கும்பகோணத்தில் அம்மாவுக்கு அந்த மாதம் இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

எழுபது நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டின் விரைவு விசாரணைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இரு தரப்பும் அவகாசம் கேட்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. நாங்களே மூன்று முறை கேட்டோம், ஏனென்றால் அரசு ஒப்படைத்த ஆவணங்கள் நாற்பதாயிரம் பக்கத்துக்கு மேல் இருந்தன. தனக்குச் சாதகமில்லாத ஆதாரத்தையும் அரசு கொடுத்தாக வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டின் பிராடி தீர்ப்பு. அந்தக் குவியலில்தான், கடன் விண்ணப்பம் போன பிறகே அந்தப் பட்டியல் எனக்கு அனுப்பப்பட்டது என்று காட்டும் மின்னஞ்சலை வழக்கறிஞர் கண்டெடுத்தார். சதியில் எனக்குப் பங்கில்லை என்பதற்கு அது பலமான சான்று. பட்டியலை நான் பார்த்திருந்தேன் என்பதற்கும் அதுவே சான்று. ஒரே தாள் என்னைக் காப்பாற்றவும் செய்தது, பிடித்துக் கொடுக்கவும் செய்தது. வழக்கில் என்ன தாக்கலாகிறது என்பதைப் பேசர் என்ற நீதிமன்றத் தளத்தில் நானே பின்தொடர்ந்தேன். பக்கத்துக்குப் பத்து சென்ட். மூன்று மாதத்தில் முப்பது டாலருக்குள் இருந்தால் கட்டணமில்லை.

ஃபெடரல் வழக்குகளில் சுமார் 90 சதவீதம் குற்ற ஒப்புதலில் முடிகின்றன, ஜூரி விசாரணை வரை போகிறவை மிகச் சில. இந்த எண்ணைக் கேட்டுவிட்டு, எல்லாம் முன்பே முடிவானது என்று நான் சோர்ந்துபோனேன். வழக்கறிஞர் என்னை அவசரப்படுத்தவில்லை. எதை ஒப்புக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்றார். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு, பத்தாயிரம் டாலருக்கு மேல் இழப்பு உண்டாக்கிய மோசடி குடியேற்றச் சட்டத்தில் ‘கடுங்குற்றம்’ ஆகிவிடும். அதன்பின் நாடுகடத்தலைத் தடுப்பது ஏறக்குறைய இயலாது. குடியேற்ற விளைவைச் சொல்லவேண்டியது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொண்டு, அரசுத் தரப்போடு செய்யும் குற்ற ஒப்புதல் ஒப்பந்தத்தின் உண்மை விவரப் பகுதியில் இழப்புத் தொகை என்ற சொல்லே வராதபடி வரிக்கு வரி பேசி மாற்றினார். பொய் சொன்ன குற்றத்தை நான் ஒப்புக்கொள்வது, சதிக் குற்றச்சாட்டை அரசு கைவிடுவது என்று முடிவாயிற்று.

ஒப்புதல் நாளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். பதினைந்து ஆண்டு இங்கே வாழ்ந்தவனுக்கு எதற்கு என்று மறுத்துவிட்டேன். அது தவறு என்றே இப்போது நினைக்கிறேன். நீதிபதி நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார்: மருந்து ஏதும் உட்கொண்டீர்களா, யாரும் மிரட்டினார்களா, ஜூரி விசாரணை என்னும் உரிமையை விடுகிறீர்கள் என்று புரிகிறதா, நாடுகடத்தப்படலாம் என்று தெரியுமா. இறுதியில், தெரிந்தும் வேண்டுமென்றும் பொய் சொன்னீர்களா என்றார். மாதக்கணக்கில் ஆங்கிலத்தில் படித்துப் பழகிய அந்த இரண்டு சொற்கள் அந்த நொடியில் என் மனதுக்குள் தமிழில் விழுந்தன. தொண்டை அடைத்துக்கொண்டு நான் பேசாமல் நின்றதை, ஒப்புக்கொள்ளத் தயங்குகிறேன் என்று நீதிபதி எடுத்துக்கொண்டு நடவடிக்கையையே நிறுத்தப் பார்த்தார். வழக்கறிஞர் ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு வாங்கினார். பிறகு ஆமாம் என்றேன்.

தண்டனைக்கு முன் புரோபேஷன் (சிறைக்குப் பதிலான கண்காணிப்பு) அதிகாரி தயாரிக்கும் அறிக்கையைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. எனக்கு மிகப் பெரிய ஆபத்து அங்கேதான் காத்திருந்தது. வரைவில் கடன்தொகை 3 லட்சத்து 20 ஆயிரம் டாலரையும் என் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். தண்டனையைக் கணக்கிட உதவும் வழிகாட்டி விதிகளின்படி என் குற்றத்தின் அடிப்படை நிலை 6. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இழப்புக்கு 12 நிலை கூடும், பொறுப்பேற்றதற்கு 3 குறையும், மிஞ்சுவது 15. முன்குற்றம் இல்லாதவருக்கே அது 18 முதல் 24 மாதச் சிறை. இழப்பைச் சேர்க்காவிட்டால், பொறுப்பேற்றதற்கு 2 மட்டுமே குறைந்து நிலை 4, அதாவது பூஜ்யம் முதல் 6 மாதம். அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த அதிகாரியையோ நீதிபதியையோ கட்டுப்படுத்தாது. ஆட்சேபிக்கப் பதினான்கு நாள்தான் உண்டு. அந்த மின்னஞ்சலின் தேதியை வைத்து வழக்கறிஞர் பதினோரு பக்கம் எழுதினார்.

நண்பர்களிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பாதி, ‘இவர் நிரபராதி, சிக்கவைத்துவிட்டார்கள்’ என்ற தொனியில் இருந்தன. ஒப்புக்கொண்ட குற்றத்தை மறுக்கும் கடிதம் என் மனமாற்றத்தையே பொய்யாக்கிவிடும் என்று வழக்கறிஞர் அவற்றைத் திருப்பி அனுப்பினார். அன்போடு எழுதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, நான் பொய் சொன்னது உண்மைதான், தயவுசெய்து அதை ஏற்றுக்கொண்டு எழுதுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டதுதான் இந்த இரண்டு ஆண்டுகளில் நான் செய்த மிகக் கடினமான காரியம்.

2023 மார்ச்சில் நீதிபதி எங்கள் ஆட்சேபத்தை ஏற்றார். ஓராண்டு புரோபேஷன், மூவாயிரம் டாலர் அபராதம், எல்லாப் பெருங்குற்றத்துக்கும் விதிக்கப்படும் 100 டாலர் கட்டணம். பாஸ்போர்ட் ஓர் உறையில் திரும்பி வந்தது. ஆனால் இந்தத் தீர்ப்போடு நாட்டைவிட்டு வெளியே போனால், திரும்பும்போது விமான நிலையத்தில் அனுமதி மறுக்கப்படலாம் என்று குடியேற்ற வழக்கறிஞர் எழுத்தில் தந்திருக்கிறார். அம்மா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். ஞாயிறு காலையில் வீடியோவில் பேசும்போது, எப்போதடா வருகிறாய் என்று கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை.