ஆனி நிலா கெடுத்த என் கிரகம்

பொள்ளாச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது என் பிழைப்பு. டெலஸ்கோப் கிடையாது. இருந்தும் போன மழைக்காலத்தில் ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, எங்கோ ஒரு நட்சத்திரம் சில வாரம் பிரகாசமாகி மறுபடி மங்கிய கதையை லேப்டாப்பில் கணக்குப் போட்டேன். இதில் இறங்க நினைப்பவர்களுக்கு, நான் வழுக்கிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் மைக்ரோலென்சிங். தூரத்து நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே இன்னொன்று ஏறக்குறைய நேர்கோட்டில் வந்தால் மறைக்கும் என்றுதானே நினைப்போம்? அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து நம் பக்கம் கூடுதலாகத் திருப்பிவிடுவதால், பின்னால் இருப்பது பிரகாசமாகிறது. 1936இல் இதைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதிய ஐன்ஸ்டைனே, பார்க்க வழியில்லை என்று கைவிரித்துவிட்டார். லட்சக்கணக்கான நட்சத்திரங்களை விடாமல் கண்காணித்தால் சிக்கும் என்று 1986இல் சொன்னவர் போலந்துக்காரர் போதான் பச்சின்ஸ்கி. 1993இல் சிக்கியது.

நான் எடுத்தது, இப்படி நட்சத்திரங்களை விடாமல் கண்காணிக்கும் ஓகிள் (OGLE) என்ற குழுவின் தரவு. சிலி நாட்டில் லாஸ் கம்பானாஸ் மலையில் உள்ள 1.3 மீட்டர் வார்சா டெலஸ்கோப் எடுத்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் கண்காணிப்பு நின்றுபோனதால், அதற்கு முந்தைய 2019 பட்டியலுக்குப் போனேன். ஆயிரத்துக்கு மேல் நிகழ்வுகள். அழகாக மேடு தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஃபைலில் ஐந்தே பத்திகள்: நேரம், பிரகாசம், பிழை, சீயிங் (காற்றின் அலைச்சலால் நட்சத்திரம் எவ்வளவு கலங்கித் தெரிகிறது என்ற அளவு), வானத்தின் பின்னணி வெளிச்சம். கடைசி இரண்டும் எனக்கு எதற்கு என்று தூக்கி எறிந்தேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் படம் மேடாக வராமல் பள்ளமாக வந்தது. வானியலில் பிரகாசத்தின் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். இது தெரிந்திருந்தும் தலைகீழாக வரைந்தேன். இன்னொன்று கண்ணில் பட்டது: பல வருடப் புள்ளிகளைச் சேர்த்து வரைந்தால் சீப்புப் பல் மாதிரி இடைவெளி. வருடக் கடைசியில் புள்ளியே இருக்காது. ஓகிள் பார்ப்பது பால்வெளியின் மையப் பக்கம், தனுசு ராசியில். மார்கழிக்குத் தனுர் மாதம் என்று ஏன் பெயர்? சூரியன் அங்கே போய் உட்கார்ந்துகொள்வதால்தான்.

புள்ளிகள் மேல் ஒரு வளைகோட்டைப் பொருத்த மூன்று எண்கள் வேண்டும்: உச்சம் எப்போது, இரண்டும் எவ்வளவு நெருங்கின, கடக்க எத்தனை நாள். இந்த நாள் கணக்குதான் முக்கியம். நடுவில் போனது எடை கூடியதாக இருந்தால் நாளும் கூடும், எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. எனக்கு 18 நாள் வந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள்தான் கலப்பு என்ற சனி பிடித்தது. தூரத்துக் கல்யாண மண்டபத்தில் சீரியல் செட் எரிந்தால் நமக்கு ஒரே வெளிச்சத் திட்டாகத் தெரியுமில்லையா, பால்வெளி மையத்திலும் அதே நெரிசல். ஒரு புள்ளி என்று நான் நினைத்ததில் நாலு நட்சத்திரம் இருக்கலாம். பிரகாசமானது அதில் ஒன்றுதான். பக்கத்து நட்சத்திரங்களின் பங்கைத் தனி எண்ணாக விட்டுப் பொருத்தினால் 18 நாள் 33 நாளாகிவிட்டது. இரண்டு கோடும் புள்ளிகள் மேல் ஒரே மாதிரி உட்கார்ந்தன. மேட்டின் அடிவாரத்தில் நிறைய புள்ளிகள் இருந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். உச்சத்தை மட்டும் பார்த்து நிகழ்வைத் தேர்ந்தெடுத்தது என் தப்பு. (வேலையைக் குறைக்க ஒரு வழி: மூன்று எண்களை மட்டும் தேட விடுங்கள். நட்சத்திரத்தின் ஒளி, கலப்பின் ஒளி இரண்டும் சாதாரண நேர்கோட்டுக் கணக்கில் தானே வந்துவிடும்.)

பிறகு, கோட்டைக் கழித்து மிச்சத்தை வரைந்தேன். ஒரே இரவில் மூன்று புள்ளிகள் மேலே தூக்கி நின்றன. நேரப் பத்தியில் 2458649 என்று தொடங்கும் வரிகள் (வானியலில் தேதிக்குப் பதிலாக நாட்களை வரிசையாக எண்ணும் ஜூலியன் நாள் எண்). எனக்குக் கை நடுங்கியது. நடுவில் போகும் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கிரகம் இருந்தால் இப்படித்தான் மேட்டின் மேல் குட்டி மேடு வரும். 2005இல் பூமியைப் போல் ஐந்தரை மடங்கு எடையுள்ள கிரகம் ஒன்று அப்படித்தான் பிடிபட்டது. 2016இல் பதிவான ஒரு நிகழ்வின் கால அளவு வெறும் 42 நிமிடம். எந்த நட்சத்திரத்தோடும் சேராத கிரகமாக இருக்கலாம் என்கிறார்கள். என்னிடம் மூன்று புள்ளி இருக்கிறதே!

"என்ன கண்ணு, ரெண்டு மணியாச்சு, இன்னும் படுக்கலியா?" என்று அம்மா எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "எந்தத் தேதி?" அந்த எண்ணைத் தேதியாக்கினால் 2019 ஜூன் 15. "ஆனி பொறக்கற சமயம். பௌர்ணமி கிட்டத்துல வருதான்னு பாரு. ஆனிப் பௌர்ணமின்னா நிலா மூலத்துகிட்டதான் நிக்கும்" என்றார். அக்கா மூல நட்சத்திரம். அவள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த வருடங்களில், மூலம் பற்றி அம்மாவுக்குத் தெரியாதது ஒன்றும் மிச்சமில்லை.

பஞ்சாங்க ஆப்பில் பார்த்தேன். ஜூன் 17 பௌர்ணமி. என் மூன்று புள்ளிகள் எடுக்கப்பட்டபோது நிலா விருச்சிகத்தில், தனுசுக்குப் பக்கத்து வீட்டில். தூக்கி எறிந்த இரண்டு பத்திகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். பின்னணி வெளிச்சம் மற்ற இரவுகளைப் போல் நாலு மடங்கு. சீயிங்கும் அன்றைக்கு மோசம். நட்சத்திரங்கள் கரைந்து ஒன்றன்மேல் ஒன்று வழிந்திருக்கும். அதற்கடுத்த சில இரவுகளுக்குப் புள்ளியே இல்லை, நிலா அந்தப் பக்கத்தைக் கடந்து போகும் வரை.

அம்மாவிடம் சொன்னேன். "சரி, லைட்டை அணை" என்றார்.

இப்போது என் நிரலில் பின்னணி வெளிச்சம் ஒரு அளவுக்கு மேல் போனால் புள்ளியைத் தனியாக ஒதுக்கும் வரி ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் குறிப்பாக 'ஆனி' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.