மாத்திரையோடு பத்து மாதம்

எனக்கு மனச்சோர்வும் பதற்றமும் பாலிடெக்னிக் படித்த காலத்திலிருந்தே உண்டு. இரண்டு தடவை வேலைக்கே போக முடியாமல் படுத்திருக்கிறேன். இரண்டாவது தடவை வந்தது, மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்திய பிறகு. அதனால் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்தபோது முதலில் பார்க்கப் போனது மகப்பேறு மருத்துவரை அல்ல, மனநல மருத்துவரை.

அந்த வரிசை முக்கியம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு தரித்து ஏறத்தாழ 4 வாரத்தில் மூடிவிடுகிறது. 8 வாரத்துக்குள் இதயம் வடிவம் பெற்றுவிடுகிறது. நாள் தள்ளிப்போய், பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு பார்த்து, மருத்துவமனையில் நேரம் வாங்கிப் போய் உட்காருவதற்குள் இதில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். அப்போது பதறி மாத்திரையைத் தூக்கிப் போடுவதால் குழந்தைக்குப் பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை. தாய்க்குத்தான் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை என்று வரிசையாக வந்து சேரும். பின்னாலேயே பழைய நோயும் வரலாம்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். பலதுறை மருந்தகம் என்னும் அரசு மருந்தகத்தில் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான கேகே மருத்துவமனைக்குப் போனேன். அங்கே பெண்களின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மருந்தகக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். அதற்குப் பதிலாக நேரம் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு அவசரமில்லை, காத்திருந்தோம்.

அப்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது பாரொக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை. அதே வகை மாத்திரைகளில் இதன்மேல் மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. முதல் மூன்று மாதத்தில் சாப்பிட்டால் குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று 2005ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஏற்கெனவே கர்ப்பமாக வந்திருந்தால் ஒத்துப்போகும் மருந்தை மாற்றத் தயங்கியிருப்பேன், இப்போது நேரம் இருக்கிறது, மாற்றிவிடலாம் என்றார் மருத்துவர். ஒன்றைக் குறைத்து மற்றொன்றை ஏற்றி, அதே வகையைச் சேர்ந்த செர்ட்ரலின் 100 மில்லிகிராமுக்கு வந்து சேர்ந்தேன். நடுவில் சில வாரம் சரியான தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். கணவர் வாயைத் திறக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலம் அது. புது மாத்திரையில் சில மாதம் நிலையாக இருந்து காட்டிய பிறகே முயற்சி செய்யச் சொன்னார். ஃபோலிக் அமிலத்தை அப்போதே தொடங்கியாயிற்று.

மருத்துவர் ஒரு தாளில் நடுவே கோடு போட்டார். இடது பக்கம் மாத்திரையால் வரக்கூடியவை, வலது பக்கம் மாத்திரை இல்லாவிட்டால் வரக்கூடியவை. நம் ஆட்கள் பேசும்போது வலது பக்கம் என்று ஒன்று இருப்பதே இல்லை. மாத்திரையை விட்டால் ஆபத்து பூஜ்யம் என்பதுபோலப் பேசுவார்கள். கர்ப்பத்தில் கடுமையான மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. சாப்பிடாமல், தூங்காமல், பரிசோதனைக்கும் போகாமல் ஒரு கர்ப்பிணி கிடந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளை மட்டும் எப்படி நன்றாக இருக்கும்?

2006ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றியும் சொன்னார். கர்ப்ப காலத்தில் மாத்திரையை நிறுத்தியவர்களில் 68 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு. சொல்லிவிட்டு, அவர்கள் எல்லாம் நோய் கடுமையாகி சிறப்பு மருத்துவர்களிடம் வந்தவர்கள், பிற்பாடு பொதுவான பெண்களிடம் செய்த வேறோர் ஆய்வில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. லேசான சோர்வு மட்டும் உள்ளவர்களுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமாக இருக்கலாம். என் வரலாற்றுக்கு அது போதாது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உட்லண்ட்ஸில் இருக்கும் அம்மாவுக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க சின்னம்மா ரெண்டாவது புள்ளைக்கு அப்புறம் ஒரு மாதிரி ஆயிட்டா. மாசக்கணக்கா புள்ளையத் தொடவே இல்ல. வெளிய சொல்லல" என்றார். முப்பது வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன், ஒரு வார்த்தை காதில் விழுந்ததில்லை. மருத்துவர் அதை உடனே எழுதிக்கொண்டார். இது ரத்த சொந்தத்தில் தொடரக்கூடியதாம்.

என் நோய் வேறாக இருந்திருந்தால் இந்தத் தாளும் வேறாக இருந்திருக்கும். மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் கர்ப்பத்தில் கூடாத மருந்து. அதைச் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ 10ல் ஒன்று பிறவிக் குறையோடு பிறக்கிறது. மாத்திரையே சாப்பிடாத தாய்மாருக்குக்கூட இது 100ல் 2, 3 இருக்கும். வால்ப்ரோயேட்டில் 10ல் 3, 4 குழந்தைகளுக்குப் பின்னால் கற்றல், வளர்ச்சிப் பிரச்சினைகளும் வருகின்றன. பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லித்தியம் என்றால் ரத்தத்தில் அளவைப் பார்த்துப் பார்த்து டோஸை மாற்ற வேண்டும். இவற்றில் எதைச் சாப்பிடுபவராக இருந்தாலும் தானாக நிறுத்தாமல் மருத்துவரை உடனே பார்ப்பது நல்லது. திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

கர்ப்பம் உறுதியானது. வாந்தி எல்லோருக்கும் போலத்தான். ஒருநாள் காய்ச்சலுக்காக வீட்டருகே ஒரு மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் என் மாத்திரைப் பட்டியலைப் பார்த்து முகம் மாறி, "இதை நிறுத்திடலாமே, எதுக்கு ரிஸ்க்?" என்றார். தாளில் கோடு போட்ட வலது பக்கத்தைப் பற்றி அவர் எதுவுமே கேட்கவில்லை. மனநல மருத்துவர் என் சிகிச்சைத் திட்டத்தை எழுதிக் கொடுத்த கடிதம் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை எங்கே போனாலும் கையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. என்ன மாத்திரை, எவ்வளவு, ஏன், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது.

வீட்டில் யாரிடம் சொல்வது என்பதில்தான் எனக்கும் கணவருக்கும் அதிகப் பேச்சு. அம்மாவுக்குத் தெரியும். கணவரின் அம்மாவான அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தோம். ஆனால் அவரும் நாங்களும் இருப்பது ஒரே ஈசூன் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஒரே குளிர்பெட்டி, ஒரே சாப்பாட்டு மேசை, எத்தனை நாள் மறைப்பது? மாத்திரைப் பொட்டலத்தை அவரே பார்த்துவிட்டார்.

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன மாத்திரைம்மா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அக்காவுக்கு வயித்துல புள்ள இருந்தப்ப சக்கரை வந்து இன்சுலின் போட்டாங்களேம்மா. நிறுத்துன்னா சொன்னீங்க? நேரத்துக்கு ஊசி போட்டியான்னு நீங்கதானே ஃபோன் போட்டுக் கேட்டீங்க?"

அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. மறுநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வர ஆரம்பித்தது, மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று. அதையும் மருத்துவரிடமே கேட்டேன். அப்படித் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒரே தாய் ஒரு பிள்ளையின்போது மாத்திரை சாப்பிட்டு மற்றதன்போது சாப்பிடாத குடும்பங்களை 2017ல் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை என்றார். அத்தையின் செய்திக்கு நான் பதில் போடவில்லை. கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்பி வைத்தார்.

முதல் மூன்று மாதத்தில் கருவின் குரோமோசோம் குறைகளைப் பார்க்கும் ஆஸ்கார் பரிசோதனை, 20 வாரத்தையொட்டி எடுக்கும் விரிவான ஸ்கேன், இரண்டிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காதது வந்தது. ஏழாவது மாதம் வாக்கில் காலையில் எழுந்திருக்க முடியாத பழைய கனம் மறுபடி தலைகாட்டியது. கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது, கல்லீரலும் சில மருந்துகளை வேகமாக உடைக்கிறது. அதனால் அதே 100 மில்லிகிராம் இப்போது 100 ஆக வேலை செய்யாது என்று விளக்கி 150 ஆக்கினார் மருத்துவர். பிரசவம் நெருங்கும்போது குறைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தலைகீழாக இருந்தது. முன்பு அப்படிக் குறைக்கும் பழக்கம் இருந்ததாம். குழந்தைக்கு அதனால் பெரிய பலன் தெரியவில்லை; தாய்க்கோ நோய் திரும்ப மிக வாய்ப்புள்ள நேரத்தில் மருந்து பற்றாமல் போகிறது. சாப்பிட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் கனம் இறங்கியது.

குழந்தை மருத்துவர்களுக்கும் முன்பே தகவல் போயிருந்தது. கடைசி மாதங்களில் இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 10ல் 3 பேருக்குப் பிறந்ததும் கை கால் நடுக்கம், சிணுங்கல், பால் குடிக்கத் தடுமாற்றம் வரலாம். சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். அரிதாக நுரையீரல் ரத்த அழுத்தம் கூடும் சிக்கல் உண்டு. பொதுவாக 1,000 குழந்தைகளில் 2 பேருக்கு வருவது, மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 பேர் அளவுக்குக் கூடலாம். என் மகளுக்கு முதல் நாள் கை நடுங்கியது. போர்வையை விலக்கினால் தாடையும் சேர்ந்து ஆடும். தெரிந்து வைத்திருந்தும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தாதி ஒருவர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து மூச்சு, உடல் சூடு, பால் குடிக்கும் விதம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். "தோளோடு போட்டுக்கோங்க, வெளிச்சத்தக் குறைங்க" என்றார். வீட்டுக்குக் கிளம்புவதற்குள் நடுக்கம் நின்றிருந்தது.

தாய்ப்பாலுக்குத் தடையில்லை. செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. ஆனால் திட்டத்தில் பாலைவிடப் பெரிதாக எழுதியிருந்தது தூக்கம். இரவில் ஐந்து மணி நேரமாவது தொடர்ந்து தூங்க வேண்டும் என்பது மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து. எடுத்து வைத்த பாலை நள்ளிரவில் கணவர் கொடுப்பார், விடியற்காலையில் அம்மா. "புள்ள அழுறப்ப தாய் தூங்கலாமா?" என்று அத்தை முணுமுணுத்தார். அம்மா அதற்கு, "தூங்கட்டும் சம்பந்தி, என் தங்கச்சி தூங்காம பட்ட பாட்ட நான் பாத்திருக்கேன்" என்றார். சின்னம்மாவைப் பற்றி அம்மா அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து பிரசவ லேகியமும் வந்து இறங்கியது. மருந்தாளரிடம் பொட்டலத்தைக் காட்டினேன். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அதில் எழுதியிருக்கவில்லை. தெரியாததை என் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்ல முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டார். அம்மாவின் பூண்டுக் குழம்போடு பத்தியம் நிறைவேறியது.

பிரசவத்தையொட்டிய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை அவ்வப்போது நிரப்பச் சொன்னார்கள். கடைசிக் கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. குளிர்பெட்டிக் கதவில் மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் எண் 1767 இரண்டையும் ஒட்டி வைத்தோம். கூப்பிடத் தேவைப்படவில்லை. எடுக்கவும் இல்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: மனச்சோர்வும் பதற்றமும் அரசின் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் சேர்ந்தவை, வெளிநோயாளி சிகிச்சைக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பயன்படுத்தலாம். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகளுக்கு 900 வெள்ளி வரை மெடிசேவில் தனியாக எடுக்கலாம். ரசீதுகளைப் பத்திரமாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

பிரசவம் முடிந்து சில வாரத்தில் டோஸ் 150லிருந்து மறுபடி 100க்கு இறங்கியது. முதல் வருடம் முடியும்வரை அதற்குக் கீழே போக வேண்டாம் என்பது மருத்துவர் கருத்து, என் கருத்தும் அதுதான். "எப்பம்மா நிறுத்தப் போற?" என்று அத்தை மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறார். நான் தேதி எதுவும் சொல்வதில்லை.