மூணாவது வளைவில் மூச்சு முட்டிய வண்டி

பழைய வண்டி வாங்கி நாலு மாசம். 2007 மாடல், பெட்ரோல். சேலத்துக்குள் அருமையாக ஓடும். ஏற்காடு ரோட்டில் அடிவாரம் தாண்டி மூணாவது கொண்டை ஊசி வளைவு வந்தால் எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, பயந்தே போனேன்.

"மேலே காற்று மெலிசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் சக்தி குறையும், உண்மைதான். ஆனால் மூணாவது வளைவு அடிவாரத்தை ஒட்டித்தானே இருக்கிறது! பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியும் பலனில்லை.

சேலத்தில் குகை ஏரியாவில் உள்ள ஒரு மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றவில்லை. பெட்ரோல் லைனில் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜை மாட்டி, முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, "வாங்க, மலைக்கே போய்ப் பார்த்துரலாம்ங்க" என்றார். ஐட்லிங்கில் 3 பார் காட்டிய முள், ஏற்றத்தில் மிதித்ததும் 2-க்குக் கீழே சரிந்தது. சும்மா நிற்கும்போது கொஞ்சம் பெட்ரோல் போதும். ஏற்றத்தில் பல மடங்கு வேண்டும், அது வரவில்லை. டேங்கைத் திறந்து பார்த்தால், உள்ளே பம்ப்பின் அடியில் உள்ள வலை ஃபில்டர் கறுப்பாக அடைத்துக் கிடந்தது.

மாற்றிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை இருபது வளைவும் ஏறி, அம்மாவைச் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். நன்றி அண்ணா.