தம்பிக்கு க்ளோசபின் தொடங்கிய கதை

தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. க்ளோசபின் மாத்திரைக்கு வந்த பிறகுதான் அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. இதைத் தொடங்கப்போகும் வீடுகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சேலத்தில் புது டாக்டரைப் பார்த்த முதல் நாளே அவர் கேட்டது: "இதுவரை என்னென்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம்?" என்னிடம் ஒரு பை நிறையச் சீட்டு இருந்தது, பதில் இல்லை. முன்பு பார்த்த இடத்தில் ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராமிலேயே மாதக்கணக்கில் நின்றது. குரல் குறையவில்லை என்று சொன்னால் அதைக் கூட்ட மாட்டார்கள், கூடவே இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள். ஒரு கட்டத்தில் மூன்று ஒன்றாக ஓடியது. டம்ளரைப் பிடித்தால் காபி சட்டையில் சிந்தும், அவ்வளவு கைநடுக்கம். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சிகிச்சை வழிகாட்டுதல் சொல்வது இதுதான் என்று டாக்டர் விளக்கினார். ஒரு நேரத்தில் ஒரு மருந்து. அதைப் போதுமான அளவுக்குக் கூட்டி, ஆறு வாரமாவது விடாமல் கொடுக்க வேண்டும். அப்படி இரண்டு மருந்து பலன் தராவிட்டால் க்ளோசபின். இந்த நோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அந்த நிலை வருமாம். சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் கூடச் சேர்த்த மருந்துகளில் ஒன்றான ஓலான்சபின் மட்டும்தான் போதுமான அளவில், போதுமான வாரம் கொடுத்ததாகக் கணக்கில் சேர்ந்தது. அதனால் ரிஸ்பெரிடோனையே 6 வரை ஏற்றி மறுபடி ஆறு வாரம். இன்னும் ஒன்றரை மாதமா என்று அழுதுவிட்டேன். இனி மருந்து விவரத்தை எழுதிவைக்க, அன்றைக்கே பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நோட்டு வாங்கினேன்.

அதுவும் கேட்காமல், க்ளோசபின் 12.5 மில்லிகிராமில் தொடங்கியது. 25 மாத்திரையில் பாதி, ராத்திரிக்கு. முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாதம் ஒருமுறை. 1975இல் பின்லாந்தில் இந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் சரிந்து சிலர் இறந்திருக்கிறார்கள். அதிலிருந்து வந்த எச்சரிக்கை இது. அந்த வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபில் 1500க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். காய்ச்சல், தொண்டை வலி என்றால் அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வெறும் ஐந்து நிமிட வேலைக்கு ஒரு நாள் கூலி போகும். ஆனாலும் ஒரு வாரம்கூட விடவில்லை.

ராத்திரி எச்சில் வடிந்து தலையணை நனையும், துண்டு விரித்தோம். மலச்சிக்கலைத்தான் லேசாக எடுக்கக் கூடாது, குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் போனானா என்று கேட்க முதலில் எனக்கும் அவனுக்கும் கூச்சம்தான். காபித் தோட்டத்தில் வளர்ந்தவன், நாளைக்கு ஆறு டம்ளர் குடிப்பான். காபி அதிகமானால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறுமாம். பீடியைச் சட்டென்று விட்டாலும் ஏறும், விடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொன்னார்.

ஐந்தாம் மாதம் பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. கையில் மாத்திரை தீர்ந்து மூன்று ராத்திரி தவறிப்போனது. நாலாம் நாள் மாத்திரை வந்ததும் வழக்கமான 250ஐக் கொடுக்கப் போனேன். நல்லவேளை, போன் செய்து கேட்டேன். இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பழைய அளவைக் கொடுக்கவே கூடாதாம், ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார்கள். திரும்பவும் 12.5லிருந்து ஏறி வந்தோம். இப்போது பத்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாக அரிசி டப்பாவுக்கு மேலே இருக்கும்.

நோட்டை இப்போது அவனே எழுதுகிறான். நேற்றைய வரி: "300. வயிறு சரி. காபி 2. அக்காவோடு சந்தைக்குப் போனேன்."