எந்தக் கோர்ட் வாசல்?

ஜூலை 8
அக்கா மகள் பாப்பாவின் பெரியப்பா தரப்பிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வந்தது. அவளுக்குக் காப்பாளராகத் தன்னை நியமிக்கச் சொல்லி ஒரு மனு, அவள் பேரில் இருக்கும் நிலத்துக்கு இன்னொரு மனு. இரண்டும் நிலம் இருக்கிற மாவட்ட நீதிமன்றத்தில். இங்கிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவளையும் கூட்டிக்கொண்டு எப்படி அலைவேன்? ராத்திரி தூக்கமே இல்லை.

ஜூலை 11
வக்கீலம்மாவைப் பார்த்தேன். 1890-ஆம் வருஷக் காப்பாளர் சட்டத்தின் 9-வது பிரிவைப் படித்துக் காட்டினார். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ, அந்த இடத்துக் கோர்ட்தான் விசாரிக்க வேண்டும். உரிமை கேட்கிற பெரியவர்கள் எந்த ஊர் என்பது கணக்கிலேயே வராது! சொத்துக்கு மட்டும், அது இருக்கிற ஊரிலும் மனுப் போடலாம். ஆக நில மனு அங்கே நிற்கும். பாப்பா மனு நிற்காது.

எங்கள் ஊரில் குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது. அது இருக்கிற இடத்தில், 1984-ஆம் வருஷச் சட்டப்படி, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு அங்கேதான் போகும். மாவட்ட நீதிமன்றம் அதை எடுக்க முடியாது.

ஜூலை 14
அவள் இங்கேதான் வளர்கிறாள் என்று காட்ட பீரோவைக் கிளறினேன். ஆதார், ஸ்கூல் சர்டிபிகேட், மூன்றாம் வகுப்பு ரேங்க் கார்டு. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் முதல் பருவத்துக்கு அக்காவின் கையெழுத்து, அதே நீல மை, அதே சாய்வு. அடுத்த இரண்டு கட்டங்களிலும் என்னுடையது. நான்காம் வகுப்புக் கார்டு முழுக்க நான். ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கவே மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 20
பாப்பா பற்றிய மனுவை, உரிய கோர்ட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நில வழக்கு அங்கேயே நடக்கும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கணக்கு ஒழுங்காக இருந்தால் போதும்.

செப்டம்பர் 5
இங்கே குடும்ப நல நீதிமன்றத்தில் என் மனு பதிவானது. காப்பாளராக இருக்கச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்திட்டார்கள். பெரியப்பாவுக்கும் நோட்டீஸ் போகும். அவர் சொல்வதையும் கேட்கட்டும், அவருக்கும் அவள் தம்பி மகள்தானே. விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் ஜட்ஜ் கேட்கலாமாம். பாப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கணக்குப் பரீட்சை அன்னிக்கு மட்டும் வேணாம்னு சொல்லு சித்தி."