எடை நோட்டும் ஃபோல்டர் அனுமதியும்

ஜனவரி 3, 2025, வெள்ளி

ஏற்காடு மலையில் நாகலூர் தோட்டத்தில் காபிப் பழம் பறிப்பு கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சாயங்காலம் எடை போட்டு மேஸ்திரி அண்ணன் நோட்டில் எழுதுவார். சித்தப்பா அந்தப் பக்கத்தைப் படம் எடுப்பார். ஒரு ஃபோல்டரில் இருப்பதை இன்னொரு கருவியிலும் அப்படியே வைத்திருக்கும் சிங்திங் (Syncthing) ஆப் வழியாக அது கீழே சேலம் அஸ்தம்பட்டியில் என் லேப்டாப்புக்கு வந்துவிடும். நான் கூலிப் பட்டியல் போட்டு அதே ஃபோல்டரில் வைத்தால் அவர் போனுக்கு ஏறிவிடும். இந்த வாரம் படங்கள் இறங்குகின்றன, பட்டியல் மட்டும் ஏறவில்லை.

"கண்ணு, செவப்பா ஏதோ எழுதி வருது, எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் சித்தப்பா. பொங்கலுக்கு முன் கூலி கைக்குப் போக வேண்டும். பறிக்கிறவர்கள் வீட்டில் துணி எடுக்கிற நேரம் இது.

ஜனவரி 4, சனி

திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். 'பெர்மிஷன் டினைடு', அதாவது அனுமதி மறுக்கப்பட்டது. ஃபோல்டர் இருக்கும் இடத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. போனில் இடம் தீர்ந்துபோனதால், படங்கள் மெமரி கார்டில் சேரும்படி யாரோ கேமராவை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பில் ஃபோல்டரையும் கார்டிலேயே புதிதாகக் காட்டியிருக்கிறார்கள்.

அவருடையது ஆண்ட்ராய்டு 9 ஓடும் பழைய போன். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-இலிருந்தே, நாம் நிறுவும் ஆப்கள் மெமரி கார்டைப் படிக்கலாம், ஆனால் தங்களுக்கென ஒதுக்கிய ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் நேரடியாக எழுத முடியாது. அதனால்தான் படம் வருகிறது, பட்டியல் போகவில்லை. ஒரு திசை மட்டும் ஓடினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆப்பை அழித்து மறுபடி போடுவதால் இது தீராது.

கார்டில் 'ஆண்ட்ராய்டு/டேட்டா'வுக்குள் அந்த ஆப்புக்கென்று இருக்கும் இடத்தில் எழுதலாம்தான். ஆனால் ஆப்பை நீக்கினால் அந்த ஃபோல்டரும் சேர்ந்தே அழிந்துவிடும். கூலிக் கணக்கை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

போனில் சொல்லிப் புரியவைக்கிற வேலை இல்லை என்று ஏற்காடு பஸ் பிடித்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்வரை யோசித்துக்கொண்டே போனேன். எந்தத் தகவல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று முடிவு செய்தால், எவ்வளவு அனுமதி வேண்டும் என்பது தானாகத் தெரிகிறது. எடை நோட்டுப் படம் மலையிலிருந்து கீழே வந்தால் போதும். பட்டியல் கீழிருந்து மேலே போனால் போதும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டுக் குழப்புவானேன்?

முதலில் இரண்டு பக்கமும் சிங்திங்கை நிறுத்தி வைத்தோம். அனுமதியில் கை வைக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது. ஒருமுறை சேர்த்த ஃபோல்டரின் இடத்தை ஆப்பில் மாற்ற வழியில்லை, நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஆப்பின் பட்டியலிலிருந்து நீக்கினால் கோப்புகள் அழியாது, அது வெறும் இணைப்பை எடுப்பதுதான். சித்தப்பாவுக்கு இதில் நம்பிக்கை வர கொஞ்ச நேரம் ஆனது.

படங்களுக்குக் கார்டில் ஒரு ஃபோல்டர், 'அனுப்ப மட்டும்' வகை. படிக்க முடிந்தாலே போதும் என்பதால் கார்டே போதுமானது. பட்டியலுக்கு போனின் உள் நினைவகத்தில் இன்னொன்று, 'பெற மட்டும்'.

கார்டு ஃபோல்டரில் உடனே இன்னொரு பிழை: அடையாளக் குறி இல்லையாம். ஒவ்வொரு ஃபோல்டரிலும் '.எஸ்டிஃபோல்டர்' (.stfolder) என்று ஒன்று இருக்கிறதா என்று சிங்திங் பார்க்கும். இல்லையென்றால் வேலையை நிறுத்திவிடும். கார்டு கழன்றுபோனால், எல்லாக் கோப்பையும் நாம் அழித்துவிட்டதாக அது நினைத்து மறுமுனையிலும் அழித்துவிடக் கூடாதல்லவா, அதற்கான காவல் இது. கார்டில் எழுத முடியாத ஆப்பால் குறியை உண்டாக்க முடியவில்லை. கார்டில் எழுத அனுமதி பெற்ற ஃபைல் மேனேஜரைத் திறந்து அதே பெயரில் கையால் ஒரு ஃபோல்டர் உண்டாக்கினேன். சரியாகிவிட்டது.

இடையில் ஆப் 'லொகேஷன்' கேட்டது. "நான் எங்க போறேன்னு இதுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றார் சித்தப்பா. கேட்க வேண்டிய கேள்விதான். குறிப்பிட்ட வைஃபையில் மட்டும் ஓடு என்று வைத்தால் அந்த வைஃபையின் பெயரை ஆப் படிக்க வேண்டும். பெயரை வைத்தே ஆள் இருக்கும் இடத்தை ஊகிக்கலாம் என்பதால் ஆண்ட்ராய்டு அதற்கு லொகேஷன் அனுமதி கேட்கிறது. எங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. மறுத்துவிட்டோம், எதுவும் கெடவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மேஸ்திரி அண்ணன் போனுக்கும் பட்டியல் போக வேண்டும். அவருடையது ஆண்ட்ராய்டு 13. ஆப்பின் வழக்கமான அனுமதிப் பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், எல்லாக் கோப்புகளையும் நிர்வகிக்கும் அனுமதி தனியாக, செட்டிங்ஸில் 'சிறப்பு அணுகல்' பகுதியில் இருக்கிறது. அவர் போனில் அது அணைந்து கிடந்தது. போட்டதும் ஓடியது.

எல்லாக் கோப்பும் என்பது பெரிய அனுமதி. யாரும் பார்க்கும்படி மூல நிரல் திறந்திருக்கிற, நம் கோப்புகளைத் தன் சர்வரில் சேர்த்து வைக்காமல் கருவியிலிருந்து கருவிக்கு, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்புகிற ஆப் என்பதால் கொடுத்தேன். விளக்கு ஆப்பும் கால்குலேட்டரும் இதைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. அதையும் அவரிடம் சொன்னேன்.

இன்னொன்று: சிங்திங்கின் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு ஆப் டிசம்பர் 2024-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுகிறவர்கள் அதன் ஃபோர்க்கை, அதாவது அதே மூல நிரலை எடுத்து வேறு ஆட்கள் தொடர்கிற பதிப்பைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜனவரி 8, புதன்

ஒரே ஒரு பட்டியல் மட்டும் இரண்டு போனிலும் ஏறவில்லை. தம்பி தயாரித்தது, 'கூலி: ஜனவரி முதல் வாரம்' என்று பெயர். என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம், அது கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்கும். ஆண்ட்ராய்டின் பொது நினைவகம் ஏற்காது. கேள்விக்குறியும் நட்சத்திரமும் அப்படித்தான். பெயரை மாற்றியதும் போய்விட்டது.

தம்பி அதற்குள் 'இக்னோர் பெர்மிஷன்ஸ்' என்ற அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். பெயரைப் பார்த்தால் இதுதான் மருந்து என்று தோன்றும். அது லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள படி, எழுது, இயக்கு குறிகளைப் பற்றியது, போன் கொடுக்கும் அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போனின் நினைவகம் அந்தக் குறிகளைக் காப்பாற்றி வைக்காது, அதனால் ஆண்ட்ராய்டு பக்கம் இயக்கியே வைக்கச் சொன்னேன்.

ஜனவரி 10, வெள்ளி

திரை அணைந்ததும் சித்தப்பா போனில் ஆப் தூங்கிப்போகிறது. பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டோம். மழையில் டவர் போன சாயங்காலம், மேஸ்திரி அண்ணனின் ஹாட்ஸ்பாட்டில் சித்தப்பா போனைச் சேர்த்தார்கள். அவரிடமிருந்த பட்டியல் இன்டர்நெட் இல்லாமலே இவருக்கு வந்துவிட்டது. ஒரே வலையில் இருந்தால் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். மலையில் இதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஜனவரி 11, சனி

கூலி கொடுத்தாயிற்று. பட்டியலில் ஒருவர் எடை மட்டும் படத்தில் மங்கலாக இருந்தது, நோட்டைப் பார்த்துச் சரி செய்தோம். மிளகு பறிப்புக்கும் இதே முறையில் தனி ஃபோல்டர் வேண்டுமாம். பொங்கல் கழித்து வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.